நலமா, மிக நலமா?

படை மாண்புக் காப்புத் துறையின் தலைமைக் கட்டடத்துக்கு ஒன்பது மாடி. படிக்கட்டும் இருக்கிறது. ஆனால் மாண்பைக் காப்பவர்களுக்கு மூச்சிரைக்கக் கூடாது என்பதால் எல்லோரும் லிஃப்டில்தான் போவார்கள். லிஃப்டின் மூலையில் ஒரு முக்காலி, முக்காலியில் லிஃப்ட்காரர். உள்ளே வருகிற யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பொத்தான்களைப் பார்த்தபடியே "அஞ்சு" என்பார்கள், "எட்டு" என்பார்கள். அவரும் அமுக்குவார். அவரை வைத்துக்கொண்டே பதவி உயர்வு, மைத்துனனின் விவாகரத்து, மேலதிகாரியின் மூலவியாதி எல்லாவற்றையும் பேசுவார்கள். முக்காலிக்கு முன்னால் பேச யாருக்குக் கூச்சம் வரும்?

இந்த லிஃப்ட்காரர் ஒரு காலத்தில் படையில் ரேடியோக்காரராக இருந்தார். வேலை மலைமுகட்டு எல்லைச் சாவடியில். கதவைத் திறந்தால் மேகம் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து கட்டிலில் உட்காருகிற உயரம். சாவடியில் நான்கு பேர். தலைமைக்கு ஒருவர், அவரைப் பெரியவர் என்பார்கள். சமையலுக்கு ஒருவர், அவர் பெயரும் சமையல்தான். ரேடியோவுக்கு இவர். நான்காவது ஆள், எல்லோரிலும் வயதில் குறைந்தவன். ஆனால் காதை மூடி மஃப்ளர் சுற்றிக்கொண்டு, "ஈரக் காலோட படுக்காதீங்க", "டீயை ஊதிக் குடிங்க" என்று மற்ற மூவருக்கும் ஓயாமல் புத்தி சொல்வான். வந்த வாரமே அவன் சித்தப்பா ஆகிவிட்டான். தலை நரைத்த பெரியவரே, "சித்தப்பா, சாப்பிடலாமா?" என்று அவனிடம் உத்தரவு கேட்பார். உருளைக்கிழங்கைத் தோல் அறுபடாமல் ஒரே நாடாவாக உரித்து ஆணியில் மாட்டிவைப்பது சித்தப்பாவின் ஒரே கர்வம்.

சாயங்காலமானால் அடிவாரத்திலிருந்து ரேடியோ கூப்பிடும். "சாவடி, நிலவரம் சொல்." அதற்கு அனுமதிக்கப்பட்ட பதில்கள் இரண்டு. நலம், மிக நலம். மூன்றாவதாக ஒரு பதில் வேண்டுமா என்று முன்பு ஒரு குழு ஆராய்ந்து, அப்படியொரு நிலைமை ஏற்பட வாய்ப்பில்லை என்று முடிவு செய்து, தேநீர் அருந்திக் கலைந்திருந்தது.

ஒரு நாள் மதியம் சித்தப்பா, கொடியில் காயப்போட்ட துணியை எடுத்துவரப் போனான். வாசலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் அன்றைக்கு மூடுபனி. துணி கொடியிலேயே இருந்தது. அவனைக் காணவில்லை. மூன்று பேரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தேடினார்கள். தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். பனிக்குள் கத்தினால் சத்தம் தலையணைக்குள் போவது போலப் போய்விடும். அதற்குள் ரேடியோ கூப்பிட்டது.

"சாவடி, நிலவரம் சொல்."

"எங்காளு ஒருத்தன் வெளியில போனான். திரும்பி வரல."

கீழே காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அப்படி ஒரு பதில் கிடையாது. நலமா, மிக நலமா?"

"ஆளைக் காணோம்ங்கறேன்! தேட யாரையாவது அனுப்புங்க!"

"கத்தாதே. நலமா, மிக நலமா?"

ரேடியோக்காரருக்கு வாய் வரவில்லை. கீழே இருந்தவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "சரி, நலம்னு எடுத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. சாவடியில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்தினார்கள். சமையல் நான்கு தட்டுதான் வைப்பார். ஒரு தட்டு ஆறிப்போகும். கதவு காற்றில் ஆடினால் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள், ஒன்றாக உட்காருவார்கள்.

மாற்று அணியோடு வந்த அதிகாரி தலைகளை எண்ணினார். மூன்று. கையில் இருந்த தாளில் நான்கு. அவர் யோசித்தார். ஆள் தொலைந்தான் என்றால் விசாரணை. விசாரணை என்றால் இந்தக் குளிரில் இன்னொரு தடவை மலையேற வேண்டும். எண்ணிக்கை தப்பு என்றால் பேனா போதும். அவர் பேனாவை எடுத்தார்.

அதற்குப் பிறகு பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சமையல் எங்கோ தூர தேசத்துக்குப் போய் போன் நம்பரை மாற்றிக்கொண்டார். ரேடியோக்காரருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் என்ன கேட்டாலும் "நலம்" என்பார். "சாப்பாட்டுல உப்பு இருக்கா?" என்று மனைவி கேட்டால், "நலம்." "கதவைப் பூட்டினீங்களா?" "நலம்." அந்த அம்மாளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "செவுத்தோட குடித்தனம் பண்ண என்னால ஆகாது. அண்ணன் வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்" என்று கிளம்பினாள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. அவள்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அவருக்கே அவரோடு தனியாக இருக்கப் பிடிக்காமல்தான் லிஃப்ட் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே எந்நேரமும் கூட்டமாவது இருக்கும்.

அவரைத் தேடி வருகிற ஒரே ஆள் சித்தப்பாவின் அக்கா. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சித்தப்பாவுக்கு அக்கா என்றால் நமக்கு அத்தை முறை என்று சொல்லி, தன்னைவிடச் சின்னவளான அவளை அவர் அத்தை என்றே கூப்பிடுவார். அவள் அவரை அண்ணா என்பாள். இந்த உறவுமுறையை யாராவது கேட்டால் தலை சுற்றும். ஆனால் இருவருக்கும் வேறு ஆள் இல்லை.

அத்தை துறைக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். சாவடியில் இருந்தவர்கள் மூவர்தான், அப்படியொரு நான்காவது நபர் இல்லை, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் அண்ணா. கடைக்கு வர்றவங்க, 'கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு'ன்னு கேப்பாங்க. சும்மா பேச்சுக்குத்தான் கேக்கறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஒரு தம்பி இருந்தான்னா, எங்கன்னு கேப்பாங்க. யாருமில்லன்னு சொன்னா, அன்னிக்கு முழுக்க சோறு எறங்க மாட்டேங்குது. அங்க நாலு பேரு இருந்தாங்கன்னு அவங்க வாயால ஒரு தடவை சொல்லட்டும். போதும்."

இந்தக் கதையை அவள் ஒரு நாள் கோட்டு ஒன்றுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்லித் தொலைத்தாள். கோட்டுக்குச் சொந்தக்காரி சினிமா டைரக்டர். மெதுவாக நகர்கிற படங்களாக எடுத்து, வெளிநாடுகளில் மெதுவாகப் பேர் வாங்கிக்கொண்டிருந்தவர். அவர் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். நாலு வீரர்கள், ஒரு சாவடி, மூடுபனி. ஒருத்தன் காணாமல் போவான். அப்புறம் ஒன்றுமே நடக்காது. நடக்காமலே நடக்காமலே பார்க்கிறவன் வயிற்றைக் கலக்கும். "உங்க தம்பியைக் காட்டாம விடமாட்டேன்" என்று அத்தையின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, கோட்டை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்.

சீருடை, சாவடி, மலை மூன்றும் துறையின் சொத்து. அனுமதி இல்லாமல் பனியைக்கூடப் படம் பிடிக்க முடியாது. அனுமதி வேண்டுமானால் அந்தச் சாவடியில் பணியாற்றிய ஒருவர் ஆலோசகராக இருந்தாக வேண்டும் என்பது விதி. துறை நாடு முழுக்க விளம்பரம் கொடுத்தது. தேடும் குழு ஊர் ஊராகப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி, லிஃப்டில் ஏறி, "எங்கதான் போய்த் தொலைஞ்சானோ அந்த ரேடியோக்காரன்" என்று அலுத்துக்கொண்டது. "நான்தான் சார்" என்றார் லிஃப்ட்காரர். குழு திடுக்கிட்டது. முக்காலி பேசும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

ஒன்பதாம் மாடியில் கூட்டம். தலைமை அதிகாரி, அவர் சொல்வதற்கு முன்பே தலையாட்டுகிற உதவியாளர், டைரக்டர், ஓரமாக லிஃப்ட்காரர். தலைமை அதிகாரி கதையின் சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பயமுறுத்தற படம்னு போட்டிருக்கு. பயப்படறது யாரு?"

"வீரர்கள்தான் சார்" என்றார் டைரக்டர்.

"எங்க வீரர்களா? எங்க படைல பயம் கிடையாதும்மா. போன நிதியாண்டோட அதை நிறுத்தியாச்சு."

"யாராவது பயப்படணுமே சார். இல்லன்னா படம் எப்படி?"

"பேய் பயப்படட்டும். எங்க ஆளைப் பார்த்தா பேய் பயப்படணுமா இல்லையா?"

உதவியாளர் எழுதிக்கொண்டார்.

"அடுத்தது, தனிமைன்னு பக்கத்துக்குப் பக்கம் வருது. எங்க வீரன் எங்கயும் தனியா இருக்க மாட்டான். துறை அவன் கூடவே இருக்கு. தனியா உட்கார்ந்திருக்கான்னு காட்டினா, துறை எங்க போச்சுன்னு நாளைக்கு நாலு பேரு கேப்பான்."

"அப்போ எப்படிக் காட்டறது சார்?"

தலைமை அதிகாரி அடக்கத்தோடு ஜன்னலைப் பார்த்தார். "சுவத்துல என் படத்தை மாட்டிடுங்க. சிரிக்கற படம் வேண்டாம். கவனிச்சுட்டே இருக்கற மாதிரி ஒண்ணு இருக்கு, உதவியாளர் தருவாரு."

பிறகு எண்ணிக்கை வந்தது. நான்கு என்பதை அவர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். சாவடியில் மூன்று பேர்தான் என்றார். லிஃப்ட்காரர் எழுந்து நின்றார்.

"சார், நாலு பேரு சார். நான் அங்க இருந்தேன்."

"நீங்க அங்க இருந்தீங்க. அதனாலதான் உங்களுக்குத் தெரியல" என்றார் தலைமை அதிகாரி, குழந்தைக்குச் சொல்வது போல. "உள்ள இருக்கறவனால சரியா எண்ண முடியாது. தன்னையும் சேர்த்து எண்ணிடுவான். எண்ணிக்கைன்னா அது வெளியில இருந்து எண்ணறது. நாங்க எண்ணிட்டோம். மூணு."

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாலாவது ஆள்தானே கதை என்றார். அப்போது உதவியாளர் பேனாவால் காதைக் குடைந்தபடி ஒரு யோசனை சொன்னார்.

"நாலாவது ஆளைப் பேயா வெச்சுக்கட்டுமே சார். நம்ம கணக்குல மூணு, அவங்க கதைல நாலு."

"பேய் விஷயத்துல நமக்கு ஏதாவது ஆட்சேபணை?"

"பேய்களைப் பத்தி விதி எதுவும் இல்ல சார். சம்பளப் பட்டியல்லயும் கிடையாது."

"அப்போ தாராளமா இருக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை. பேய் சீருடை போடக்கூடாது. சீருடைக்குன்னு ஒரு மாண்பு இருக்கு."

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் சலவைக் கடைக்குப் போனார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளையே பார்த்தார். அத்தை இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சொல்லுங்க அண்ணா."

"சித்தப்பா படத்துல வர்றான் அத்தை. ஆனா பேயா."

இஸ்திரிப்பெட்டியிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்து அடங்கியது.

"பேயாவா?"

"உசிரோட நாலாவது ஆள் இருக்கக்கூடாதாம். சீருடையும் போடக்கூடாதாம்."

"மஃப்ளர்?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவள் ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையை இரண்டு தடவை தேய்த்தாள். "மஃப்ளர் இருந்தா சரி. அவனுக்குக் காதுல குளிர் தாங்காது." அப்புறம் தலை நிமிராமலே, "நாலுன்னு சொல்ல மாட்டாங்க, இல்ல?" என்றாள். அவர் "நலம்" என்று சொல்லப் போய் உதட்டைக் கடித்துக்கொண்டார். அழுகை வந்தது. சட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மலை மேலே படப்பிடிப்பு தொடங்கியது. தலைமை அதிகாரி கணப்பு அடுப்புகளோடும் சாய்வு நாற்காலியோடும் வந்து இறங்கினார், மாண்பை நேரில் கண்காணிக்க. முதல் நாளே சமையலாக நடித்தவர் கையில் டீக்கோப்பை நடுங்கியது.

"நிறுத்துங்க! இவர் பயப்படறாரு."

"குளுருது சார்" என்றார் நடிகர், பல் கிட்டித்தபடி.

"எப்படிக் குளிரும்? துறை கம்பளி குடுத்திருக்கு. கம்பளி குடுத்த பிறகும் குளிருதுன்னா அது துறையைக் குறை சொல்ற மாதிரி."

"நடுங்காம இருக்க முடியல சார்."

"அப்போ இவரையும் பேயாக்கிடுங்க. பேய் எவ்வளவு வேணா நடுங்கட்டும்."

சமையல் பேயானார். சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பெரியவராக நடித்தவர் காலித் தட்டைப் பார்த்துக் கண் கலங்கினார். நன்றாகக் கலங்கினார். டைரக்டரே மூக்கை உறிஞ்சினார். கண்ணீர் சீருடையில் விழுவது சட்டப்படி சொத்துச் சேதம் என்று உதவியாளர் எடுத்துக் காட்டினார். பெரியவரும் பேயானார். மிச்சம் இருந்தது ரேடியோக்காரர் வேஷம். அந்த நடிகர் பாவம், இரும்பு மாதிரி உட்கார்ந்திருந்தார். நடுங்கவில்லை, கலங்கவில்லை. ஆனால் ரேடியோவை எடுத்து, "ஒருத்தன் திரும்பி வரல" என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? அப்படி ஒரு பதில் கிடையாது என்றார் தலைமை அதிகாரி. அடிவாரத்துக் குரலும் வார்த்தைக்கு வார்த்தை அதையேதான் சொன்னது என்பது தூரத்தில் நின்ற லிஃப்ட்காரருக்கு நினைவு வந்தது. தன் வேஷக்காரர் சீருடையைக் கழற்றி மடித்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைக்குள் குளிர்காற்று போனது அவருக்கு.

இப்போது சாவடியில் நான்கு பேய்கள். வீரர்கள் யாரும் இல்லை. தொலைந்தவரும் இல்லை, பயந்தவரும் இல்லை, அழுதவரும் இல்லை. தலைமை அதிகாரிக்கு நெஞ்சு நிறைந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏப்பம் விடும்போதுதான் உதவியாளர் மெல்ல இழுத்தார்.

"சார், ஒரு சின்னச் சிக்கல். சாவடில யாருமே இல்லன்னா, அப்போ எல்லையை யார் காவல் காத்தாங்கன்னு..."

தலைமை அதிகாரி மலையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் காக்கறேன்" என்றார். அவர் பள்ளிக்கூட நாடகத்தில் மந்திரியாக நடித்தவர். அந்த ஆசை உள்ளே இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

அவருக்கான காட்சி எளியதுதான். தனி ஆளாகச் சாவடிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். ரேடியோ கூப்பிடும்போது "மிக நலம்" என்று சொல்ல வேண்டும். கேமராவை மூலையில் ஓடவிட்டு எல்லோரும் தள்ளிப் போய்விடுவார்கள், நடுவில் வெட்டே கிடையாது என்றார் டைரக்டர். அடிவாரத்துக் குரலுக்கு லிஃப்ட்காரர். வார்த்தைகள் அவருக்கு மனப்பாடம் என்பதால் சரிவுக்குக் கீழே கூடாரத்தில் ரேடியோவோடு அவரை உட்காரவைத்தார்கள்.

சாயங்கால வெளிச்சத்தில் பனி இறங்கியது. செலவில்லாமல் கிடைத்த நிஜப் பனி. முதலில் தலைமை அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து மீசையை நீவினார். எல்லையைப் பார்த்தார். எல்லை தெரியவில்லை. ஜன்னல் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தன் முழங்கால் மங்கலாகத் தெரிந்தது. கதவு ஒரு தரம் ஆடியது, யாரோ வந்து திரும்பிப் போனது போல. ஆணியில் மாட்டியிருந்த உருளைக்கிழங்குத் தோல் காற்றில் சுழன்றது. திரும்பினார். சுவரில் ஒருவர் அவரையே கவனித்துக்கொண்டிருந்தார். அது அவர் படம்தான் என்பது தெரிந்தும் அவருக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. எழுந்து போய்ப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். "உதவியாளர்!" என்று கூப்பிட்டார். பனி அதை விழுங்கியது. "அம்மா டைரக்டரம்மா! போதும்மா!" என்றார். பதில் இல்லை. கேமரா மட்டும் உர்ரென்று ஓடியது. அப்புறம் அவர் ரேடியோவைப் பிடுங்கினார். கூப்பிடுவதற்காகக் காத்திருக்கவில்லை.

"ஹலோ... யாரு இருக்கா அங்க? இங்க யாருமே இல்லய்யா... யாராவது வாங்களேன்..."

கூடாரத்தில் லிஃப்ட்காரரின் வாய் தானாகத் திறந்தது. நலமா, மிக நலமா? இவ்வளவு வருஷமாகக் காதில் ஓடிக்கொண்டிருந்த அந்த வார்த்தைகள் நாக்கு நுனிக்கே வந்துவிட்டன. எழுதிக் கொடுத்ததும் அதைத்தான். பழி தீர்க்க இப்படியொரு சமயம் வாய்க்குமா? ஆனால் அந்தக் குரலை அவர் முன்பே கேட்டிருக்கிறார். அது அவர் குரல். கீழே ஒருவர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மேலே கத்திய குரல்.

"கேக்குது சார். அங்கேயே இருங்க. வெளியில வராதீங்க. நான் வர்றேன்."

கூடாரத்திலிருந்து மேலே போன கேமரா ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே சரிவேறிப் போனார். பனிக்குள் நடக்கும்போது அன்றைக்குத் தேடியது போலவே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார். இன்றைக்கும் துணிக்கொடிப் பக்கம் யாரும் இல்லை. உள்ளே போனதும் தலைமை அதிகாரி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஜீப்பில் ஏறும்வரை விடவில்லை. அடுத்த வாரம் லிஃப்டில் ஏறியபோது, பொத்தானைப் பார்த்தபடி "ஒன்பது" என்றார்.

அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டியபோது உதவியாளருக்கு வியர்த்தது. டைரக்டர் மட்டும், "சார், பெரிய நடிகர்கள்கூட இப்படிச் செய்ய மாட்டாங்க" என்றார். தலைமை அதிகாரி திரையில் தன்னையே பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குத் தான் நடித்ததாகவே நினைவு வந்தது. "வெட்ட வேண்டாம்" என்றார்.

படத்தின் முதல் திரையிடல் துறையின் ஒன்பதாம் மாடி அரங்கில். லிஃப்ட்காரர் அன்றைக்கு விடுப்பு எடுத்து, அத்தையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். படம் நத்தை மாதிரி ஊர்ந்தது. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. மஃப்ளர் கட்டிய பேய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை உரித்தது. தோல் அறுபடாமல் நீண்டுகொண்டே வந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் வீரிட்டாள். சுவரில் தலைமை அதிகாரியின் படம் வரும்போதெல்லாம் அதைவிடப் பெரிதாகக் கத்தினார்கள். அத்தை மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"பயமா இல்லயாம்மா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இல்லைங்க. அவன் எப்பவும் அப்படித்தான் உரிப்பான்" என்றாள். அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

விளக்குகள் எரிந்ததும் தலைமை அதிகாரி மேடை ஏறினார். கைதட்டல் ஓயும்வரை பெருந்தன்மையோடு நின்றார்.

"அன்பர்களே! அந்தச் சாவடியில் நம் வீரன் ஒருவன் காணாமல் போனான் என்று விஷமிகள் சிலர் பேசித் திரிந்தார்கள். இன்று உண்மை வெளிவந்துவிட்டது. நம் வீரர் ஒருவர்கூடக் காணாமல் போகவில்லை. ஏனென்றால் ஒருவர்கூட அங்கே இருக்கவில்லை. அங்கே இருந்தவை பேய்கள். எத்தனை பேய்கள்? நான்கு! நான் என் கண்ணால் எண்ணினேன். மூன்று அல்ல அன்பர்களே, நான்கு! ஒன்றுகூடக் குறையாமல், கடைசிவரை சாவடியை விட்டு அகலாமல் இருந்தன. அந்த நான்கு பேருக்கும் இந்தத் துறை தலைவணங்குகிறது."

அத்தை லிஃப்ட்காரரின் கையைப் பிடித்தாள். இஸ்திரி போட்டுக் காய்த்த கை.

"நாலுன்னு சொல்லிட்டாரு அண்ணா."

"ஆமா அத்தை. நாலு பேருன்னுட்டாரு."

கூட்டம் சிற்றுண்டிப் பக்கம் சாய்ந்தது. இருவருக்கும் அங்கே வேலை இல்லை. லிஃப்டில் அவருக்குப் பதிலாக வந்த ஆள் எங்கோ போயிருந்தான். லிஃப்ட்காரர் பழக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார், அத்தை மூலையில் நின்றாள். கதவு மூடப்போகும் நேரத்தில் தலைமை அதிகாரி உள்ளே வந்தார். மாலை, சால்வை, முகமெல்லாம் சிரிப்பு. உதவியாளர் காரை எடுக்கப் படிக்கட்டில் ஓடியிருந்தார்.

"கீழ" என்றார் பொத்தானைப் பார்த்து. பிறகு அத்தையைப் பார்த்து, "படம் எப்படிம்மா? பயந்துட்டீங்களா?"

"இல்லைங்க சார். தம்பியைப் பாக்க வந்தேன்."

"அடடே, தம்பி நடிச்சிருக்கானா?"

"நடிக்கல சார். அங்க இருந்தான். நீங்க சொன்னீங்களே நாலு பேருன்னு, அதுல நாலாவது."

தலைமை அதிகாரி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அத்தை முக்காலியைக் காட்டினாள். "அண்ணன் மூணாவது."

முதல் தடவையாக அவர் லிஃப்ட்காரரின் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். முதுகு லிஃப்டின் பின்சுவர்க் கண்ணாடியில் இடித்தது. திரும்பினால் அங்கே அவரே அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெதுவாக இறங்கியது. ஏழு, ஆறு என்று விளக்குகள் மாறின. மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்தது. அவர் கை லிஃப்ட்காரரின் மணிக்கட்டைத் தேடுவது போல நீண்டு, பாதி வழியில் நின்றுவிட்டது.

"நலமா சார்?" என்றார் லிஃப்ட்காரர். கேலியாகக் கேட்கவில்லை. மனசறிந்துதான் கேட்டார். "மிக நலமா?"

தலைமை அதிகாரியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. லிஃப்ட்காரர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். கீழ்த்தளம் வந்தது. சரி, நலம் என்று எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.